சுட்ட பாலாடைக்கட்டியும் பழமும்

சுட்ட பாலாடைக்கட்டி என்பது பாலாடைக்கட்டியை முழுக் கட்டியாகவோ கிண்ணத்தில் நிரப்பியோ அடுப்பில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் இனிப்பும் புளிப்பும் உள்ள பழக்கூட்டுடன் பரிமாறும் உணவாகும். விருந்தின் முதன்மை உணவுக்கு முன்பு, ரொட்டித் துண்டு அல்லது உப்பு பிஸ்கட்டுடன் இது வைக்கப்படுகிறது. இத்தகைய சிற்றுண்டியைப் பேச்சு வழக்கில் ஸ்டார்ட்டர் என்கிறோம். மேலை நாடுகளில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் இது பரவலாக உண்ணப்படுகிறது. சென்னையிலும் அதன் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளிலும் எளிதில் கிடைக்கும் பால், பனீர், பழங்களைக் கொண்டு இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால், எல்லாப் பாலாடைக்கட்டியும் சூட்டில் உருகுவதில்லை. எது உருகும், எது உருகாது, ஏன் என்பதை அறிந்துகொண்டால் இந்த உணவு தவறாமல் அமையும்.

சொல் விளக்கம்

தமிழில் சீஸ் என்னும் பொருளுக்குப் பாலாடைக்கட்டி, பாற்கட்டி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் பால்கட்டி என்ற சொல் காணப்படுகிறது. பாலாடைக்கட்டி என்ற பெயரைக் கேட்டதும் இது பாலின் மேல் படியும் ஆடையைத் திரட்டிச் செய்வது என்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. பாலாடை பெரும்பாலும் கொழுப்பு. பாலாடைக்கட்டியோ பாலைத் திரித்து, அதன் புரதத்தையும் கொழுப்பையும் ஒன்றாகத் திரட்டி, நீரை வடித்து எடுப்பது. பனீரும் அந்த வகையில் ஒரு பாலாடைக்கட்டியே. அது முதிரவிடாமல் உடனே உண்ணப்படும் புதுக்கட்டி ஆகும்.

உலகில் இதன் வகைகள்

பழத்துடன் சுட்டுப் பரிமாறும் கட்டிகளில் இன்று மிகவும் அறியப்பட்டது பிரீ. இது பாரிஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள பிரீ வட்டாரத்தின் பெயரைக் கொண்டது. வட்டமான மென்மையான கட்டியின்மேல் வெண்பூஞ்சைத் தோல் படர்ந்திருக்கும். 1814, 1815 ஆண்டுகளில் நடந்த வியன்னா மாநாட்டின்போது அரசதந்திரிகள் தத்தம் நாட்டுக் கட்டிகளைச் சுவைத்துப் பார்த்து, பிரீயை எல்லாவற்றுக்கும் மேலானதாகத் தேர்ந்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. நார்மண்டியில் தோன்றிய கமம்பேர் இதற்கு நெருங்கிய உறவு. பிரீயைச் சுட்டு கிரான்பெரி, அத்தி போன்ற பழக்கூட்டுடன் வைக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்க விருந்துகளில் பரவியது.

பின்லாந்தில் லெய்பயூஸ்டோ என்னும் கட்டி உண்டு. ரொட்டிப் பாலாடைக்கட்டி என்பது அதன் பொருள். தட்டையாகத் தட்டிய கட்டியை மேற்புறம் பழுப்புப் புள்ளிகள் விழும்வரை நெருப்பில் வாட்டி, கிளவுட்பெரி என்னும் பழத்தின் ஜாமுடன் உண்கின்றனர். மரபாக இது கன்று ஈன்ற பசுவின் முதற்பாலில் செய்யப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதே பாலுக்குச் சீம்பால் என்று பெயர். கன்றுக்கு ஊட்டியது போக எஞ்சிய சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தால், உறை எதுவும் இடாமலேயே அது கட்டியாக இறுகும். சீம்பாலில் மோர்ப்புரதங்கள் மிகுதியாக இருப்பதும் அவை சூட்டில் உறைவதும் இதற்குக் காரணம். ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள இரண்டு நாட்டு மக்கள் முதற்பாலின் ஒரே இயல்பைத் தனித்தனியே அறிந்து பயன்படுத்தியிருக்கின்றனர்.

சைப்ரஸ் தீவின் ஹலூமி என்ற கட்டி சூட்டில் உருகாமல் பொன்னிறமாக வாடும். அங்கே கோடைக்காலத்தில் அதைத் தர்ப்பூசணியுடன் உண்பது வழக்கம்.

இந்தியாவில்

இந்தியாவில் அடுப்பில் சுட்ட பாலாடைக்கட்டிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒடிசாவின் சேனா போடா. சேனா என்பது பாலைத் திரித்து வடித்த புதுக்கட்டி. போடா என்றால் சுட்டது. நயாகர் மாவட்டத்துடன் இதன் தோற்றம் இணைத்துப் பேசப்படுகிறது. சேனாவுடன் சர்க்கரை, சிறிது ரவை, ஏலக்காய், முந்திரி, உலர்திராட்சை சேர்த்துப் பிசைந்து, சால் இலையில் பொதிந்து, தணல் நெருப்பில் பல மணி நேரம் சுடுகின்றனர். சர்க்கரை கருகிப் பழுப்பாவதால் மேற்புறம் கரும்பழுப்பு நிறமும் தனி மணமும் பெறும். இது இனிப்பு வகை. எனினும் பாலாடைக்கட்டியைச் சுடுவது நமக்கு அந்நியமானதன்று என்பதற்கு இது சான்று.

ஜம்முவின் உதம்பூர்ப் பகுதியில் கலாரி என்னும் கட்டியைக் கல்லில் இட்டு, அதன் சொந்தக் கொழுப்பிலேயே வாட்டிச் சூடாக உண்கின்றனர். வங்காளத்தில் போர்த்துகீசியர் தொடர்பால் ஏற்பட்ட பண்டெல் கட்டி சிறு வட்டுகளாக, உப்பும் புகைமணமும் கொண்டதாக இருக்கும்.

தமிழகச் சூழலில் கொடைக்கானலும் ஆரோவில்லும் பாலாடைக்கட்டிக்குப் பெயர் பெற்றவை. 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் லா ஃபெர்ம் என்ற பண்ணை ஐரோப்பிய முறைக் கட்டிகளைச் செய்கிறது. சென்னையில் 2016-ல் தொடங்கப்பட்ட கேஸே என்ற நிறுவனம் செவித்திறன் குறைந்த பெண்களுக்குப் பயிற்சி அளித்துக் கைவினைக் கட்டிகளைத் தயாரிக்கிறது. எனவே மென்மையான முதிர்ந்த கட்டிகள் இறக்குமதிக் கடைகளில் மட்டுமே கிடைக்கும் என்ற நிலை இப்போது இல்லை.

மேற்குப் புறநகர்களுக்கு வேறொரு வசதியும் உண்டு. ஆவின் நிறுவனத்தின் பால்பண்ணைகளுள் ஒன்று அம்பத்தூரில் உள்ளது. 1996 முதல் இயங்கும் கோயம்பேடு மொத்த விலைச் சந்தை அருகிலேயே இருப்பதால் தேனி மாவட்டத்துத் திராட்சை, பழனியை அடுத்த ஆயக்குடிக் கொய்யா, மலை வாழை, மாதுளை ஆகியன எளிதில் வந்து சேருகின்றன.

கிறிஸ்துமஸ் காலத்தில் இப்பகுதி வீடுகளில் கேக், கல்கல், அச்சு முறுக்கு எனத் தட்டு நிறைய இனிப்பே இருக்கும். உப்பும் புளிப்பும் காரமும் கலந்த ஒரு பண்டம் அதற்கு நல்ல மாற்று. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் அம்பத்தூரில் 1964-ல் ஏற்பட்ட தொழிற்பேட்டையும் பல ஊர், பல மாநில மக்களை இங்கே குடியேற்றியுள்ளன. விழாவுக்கு வரும் அண்டை வீட்டார் பல சமயத்தவர், பல உணவு வழக்கம் உடையவர். அவர்கள் எல்லாரும் ஐயமின்றி உண்ணும்படி இந்த உணவைச் செய்ய வேண்டுமானால், கட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை.

உருகுவதும் உருகாததும்

பாலில் உள்ள முதன்மைப் புரதம் கேசீன். அது சிறு சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. கால்சியம் இந்த உருண்டைகளைப் பசைபோல் இணைத்து வைத்திருக்கிறது. பாலைக் கட்டியாக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, உறைநொதியைச் சேர்ப்பது. இந்நொதி கேசீன் உருண்டைகளின் மேற்புறத்தில் உள்ள ஒரு பகுதியை மட்டும் வெட்டுகிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் ஆகின்றன. அவற்றை இணைக்கும் கால்சியத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. பின்னர் நுண்ணுயிரிகளால் அளவாகப் புளிப்பு ஏறும்போது கால்சியம் சிறிது குறைகிறது. இத்தகைய வலை சூட்டில் தளர்ந்து வழியும். மொசரெல்லா நூல்போல் இழுபடுவது இதனால்தான்.

இரண்டாவது வழி, கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பைச் சேர்ப்பது. பனீர் இவ்வாறு உருவாகிறது. கொதிக்கும் சூட்டில் மோர்ப்புரதங்களும் கேசீனுடன் பிணைந்துவிடுகின்றன. புளிப்பு கால்சியத்தைக் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. புரதங்கள் நேரடியாக ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. மறுபடி சூடேற்றினால் அவை தளராமல் மேலும் இறுகி, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றும். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் பனீர் கரையாமல் இருப்பதும், கடாயில் அதிக நேரம் வறுத்தால் ரப்பர்போல் ஆவதும் இதன் விளைவு.

பிரீ, கமம்பேர் ஆகியவற்றில் மூன்றாவதாக ஒரு மாற்றம் நிகழ்கிறது. மேற்புறத்தில் வளரும் வெண்பூஞ்சை புரதத்தைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, புளிப்பையும் குறைக்கிறது. இம்மாற்றம் தோலிலிருந்து உள்நோக்கிச் செல்வதால் கட்டி ஓரத்திலிருந்து மையம் நோக்கி மென்மையாகிறது. நன்கு முதிர்ந்த கட்டி லேசாகச் சூடேறினாலே குழைந்து ஓடும். தோல் மட்டும் உருகாமல் கிண்ணம்போல் நின்று உள்ளிருப்பதைத் தாங்கும். கட்டியை முழுதாகவே சுட முடிவது இதனால்தான்.

பதப்படுத்திய சீஸ் என்று கட்டிகளாகவும் துண்டுகளாகவும் விற்கப்படுவது வேறு வகை. முதிர்ந்த கட்டியைத் துருவி, சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்த்து உருக்கி மீண்டும் வார்ப்பர். இவ்வுப்புகள் கொழுப்பும் நீரும் பிரியாமல் காப்பதால் அது சூட்டில் சீராக இளகும். சுவிட்சர்லாந்தில் 1911-ல் இம்முறை உருவானது.

கட்டியைத் தேர்ந்தெடுத்தல்

சைவ உணவினர்க்கு: ஐரோப்பாவில் மரபாக உறைநொதி இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இதை அறியாமல் சைவ உணவினர் உண்டுவிட நேரலாம். இந்திய உணவுப் பாதுகாப்புத் தர விதிகளில் பாலாடைக்கட்டிக்கான இலக்கணம் விலங்கு சாராத உறைநொதியையே குறிப்பிடுகிறது. இது பூஞ்சைகளிலிருந்தும் நுண்ணுயிரிகளிலிருந்தும் பெறப்படுகிறது. பொதியின்மேல் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கட்டிக்கு இந்த உறுதி இல்லை. அதைப் பரிமாறும்போது விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

கலப்பை அறிதல்: பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்த, பாலாடைக்கட்டி போலத் தோன்றும் பொருள்களும் சந்தையில் உள்ளன. விலை குறைவு என்பதால் இவை பலரையும் ஈர்க்கின்றன. பொதியின் பின்புறத்தில் சேர்பொருள்களின் பட்டியல் அளவின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். அதில் பாமாயில் அல்லது வேறு தாவர எண்ணெய் இருந்தால் அது பாலாடைக்கட்டி அன்று. இவ்வகைப் பொருளைப் பாற்பொருளின் பெயரில் விற்க விதிகள் இடம் தருவதில்லை. பொதியும் பெயரும் இல்லாமல் எடைபோட்டு விற்கும் பனீரைத் தவிர்த்தல் நலம்.

முதிர்ச்சி: பிரீயின் நடுவே மெல்ல அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். அம்மோனியா நெடி கடுமையாக வீசினால் அது அளவுக்கு மீறி முதிர்ந்துவிட்டது. கட்டியை வாங்கி வீடு வரும்வரை பனிக்கட்டி வைத்த பையில் கொண்டுவர வேண்டும். சென்னையில் டிசம்பர் மாதத்திலும் பகல் வெப்பம் மென்கட்டிக்கு ஏற்றதன்று.

முதல் முறை: பிரீயுடன் மாதுளை

தேவையானவை: 125 கிராம் எடையுள்ள பிரீ அல்லது கமம்பேர் 1, மாதுளை முத்துகள் 4 மேசைக்கரண்டி, உலர் அத்திப்பழம் 3, தேன் 1 மேசைக்கரண்டி, உடைத்த முந்திரி 1 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் சிறிது. இது நால்வருக்குப் போதும்.

செய்முறை: கட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். சில்லிட்ட கட்டியை அப்படியே சுட்டால் ஓரம் ஓடி, நடுப்பகுதி இறுகியே இருக்கும். அடுப்பை 180 பாகை செல்சியஸ் அளவுக்கு முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். கட்டி பொருந்தும் அளவுள்ள, வெப்பம் தாங்கும் சிறு கிண்ணத்தில் அதை வைத்து, மேல் தோலைக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக மேலோட்டமாகக் கீற வேண்டும். பக்கத் தோலைக் கீறக்கூடாது. 12 முதல் 15 நிமிடம் சுட்டால் போதும். நடுவில் தொட்டால் தளும்புவதே பக்குவம். அதற்குமேல் விட்டால் நெய் பிரிந்து, எஞ்சியது கட்டிதட்டும். அத்திப்பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, மாதுளை, தேன், முந்திரி, மிளகுடன் கலந்து சூடான கட்டியின்மேல் பரப்பிப் பரிமாறலாம். வெண்தோல் உண்ணத்தக்கது. விரும்பாதவர் ஒதுக்கிவிடலாம்.

இரண்டாம் முறை: வீட்டுப் பாலில் சுட்ட கட்டியும் கொய்யாக் கூட்டும்

பிரீயின் விலை அதிகம். ஆரஞ்சு நிறப் பொதியில் வரும் நிறைகொழுப்புப் பாலைக் கொண்டும் நல்ல சுட்ட கட்டி செய்யலாம். இப்பாலில் கொழுப்பு 6 விழுக்காடு. நீல நிறப் பொதியில் அது 3 விழுக்காடு மட்டுமே என்பதால் கட்டி குறைவாகவும் வறண்டும் கிடைக்கும்.

மேலே விளக்கியபடி பனீர் உருகாது. ஆகவே அதைத் துண்டாக வைத்துச் சுடாமல், மசித்து, கெட்டித் தயிரும் சிறிது பதப்படுத்திய சீஸும் சேர்த்துச் சுட வேண்டும். தயிர் ஈரத்தைத் தரும். சீஸ் இளகிப் பனீர்த் துகள்களை ஒன்றாக இணைக்கும். பிரீபோல் இது வழியாது. ரொட்டியில் தடவும் பதத்தில் மென்மையாக இருக்கும்.

கட்டிக்குத் தேவையானவை: நிறைகொழுப்புப் பால் 1 லிட்டர், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 4 மேசைக்கரண்டி, துருவிய பதப்படுத்திய சீஸ் 50 கிராம், சோள மாவு 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, கிண்ணத்தில் தடவச் சிறிது நெய்.

கூட்டுக்குத் தேவையானவை: செங்காய்ப் பதத்தில் கொய்யா 2, துருவிய கருப்பட்டி 3 மேசைக்கரண்டி, தண்ணீர் கால் கப், எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை:

1. பாலைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து 2 நிமிடம் விட வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு நீர் கலந்து சிறிது சிறிதாக ஊற்றி மெல்லக் கிளற வேண்டும். பச்சை கலந்த தெளிந்த நீர் பிரிந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். மிகுதியான புளிப்பு கட்டியைக் கடினமாக்கும்.

2. வெள்ளைத் துணியில் வடித்து, ஒருமுறை தண்ணீரில் அலசி, 20 நிமிடம் தொங்கவிட வேண்டும். ஏறத்தாழ 200 கிராம் கட்டி கிடைக்கும். வடித்த நீரைக் கொட்டிவிடாமல் சப்பாத்தி மாவு பிசையவும் ரசத்திலும் பயன்படுத்தலாம்.

3. கட்டியைத் தட்டில் இட்டு உள்ளங்கை அடியால் தேய்த்து மணல்போன்ற தன்மை நீங்கும்வரை பிசைய வேண்டும். பின்னர் தயிர், துருவிய சீஸ், சோள மாவு, மிளகு, உப்பு சேர்த்து நன்கு கலக்க வேண்டும்.

4. நெய் தடவிய சிறு கிண்ணத்தில் நிரப்பி, மேற்புறத்தைச் சமப்படுத்தி, 180 பாகை செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் சுட வேண்டும். ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி அசையாமல் நின்றால் வெந்துவிட்டது. வெளியே எடுத்து 10 நிமிடம் விட்டால் வெட்டினாலும் உதிராது.

5. கட்டி வேகும் நேரத்தில் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி, மண் போக வடிகட்ட வேண்டும். கொய்யாவின் விதைப்பகுதியை நீக்கி, சதையைச் சிறு துண்டுகளாக்கி அந்தப் பாகில் 8 முதல் 10 நிமிடம் வேகவைக்க வேண்டும். கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கி, எலுமிச்சைச் சாறு, சுக்கு, மிளகாய்த்தூள், உப்பு சேர்க்கலாம். எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே சேர்த்துக் கொதிக்கவிட்டால் அதன் மணம் போய்விடும்.

6. கட்டியின்மேல் பாதிக் கூட்டை ஊற்றி, மீதியைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். இனிப்பைத் தவிர்ப்பவர் தாமே அளவாக எடுத்துக்கொள்ள இது உதவும்.

மின்னடுப்பு இல்லாத வீடுகளில்

அலுமினிய அல்லது எஃகு குக்கரின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பு அல்லது மணல் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது. மூடி, 10 நிமிடம் மிதமான தீயில் சூடேற்றியபின் கிண்ணத்தை உள்ளே வைத்து, குறைந்த தீயில் 35 முதல் 40 நிமிடம் வைக்கலாம். மேற்புறம் சிவக்காது. சிவக்க வேண்டுமானால் கட்டியைக் கவிழ்த்து எடுத்து, நெய் தடவிய தோசைக்கல்லில் ஒரு நிமிடம் வாட்டலாம். இம்முறை இரண்டாம் வகைக் கட்டிக்கே ஏற்றது. மைக்ரோவேவ் அடுப்பு கட்டியைச் சூடாக்குமே தவிரச் சிவக்கவைக்காது.

பழங்களின் பொருத்தம்

பாலாடைக்கட்டியில் கொழுப்பும் உப்பும் மிகுதி. ஓரிரு வாய்க்குப்பின் நாக்கில் அது படிந்து திகட்டும். பழத்தின் புளிப்பு அந்தத் திகட்டலை நீக்கி, அடுத்த வாய்க்கு இடம் செய்கிறது. எனவே புளிப்பே இல்லாத பழம் மட்டும் போதாது. சப்போட்டா, மலை வாழை போன்றவற்றுடன் எலுமிச்சை சேர்க்க வேண்டும்.

பன்னீர்த் திராட்சை: கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதையும் தடித்த தோலும் உண்டு. வேகவைத்து மசித்து வடிகட்டி, சாற்றைக் கெட்டியாகச் சுண்டவைத்தால் அடர்ந்த நிறமுள்ள கூட்டு கிடைக்கும்.

மலை வாழை: விருப்பாச்சி, சிறுமலை வாழைகள் உலர்ந்த சதை உடையவை. நெய்யில் வாட்டினால் உருக்குலையாது.

அன்னாசி, பப்பாளி, கிவி: இவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. பச்சையாகக் கட்டியின்மேல் வைத்தால் சிறிது நேரத்தில் கசப்பு ஏறி நீர்விடும். கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடும். ஆகவே இப்பழங்களைச் சமைத்தே சேர்க்க வேண்டும். பள்ளி மாணவர்கள் இதை எளிய சோதனையாகவே செய்து பார்க்கலாம். ஒரு கோப்பைத் தயிரில் பச்சை அன்னாசித் துண்டையும் மற்றொன்றில் வேகவைத்த துண்டையும் இட்டு, மறுநாள் இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும்.

நலக் குறிப்புகள்

கருவுற்ற பெண்கள்: வெண்பூஞ்சைத் தோலுள்ள மென்கட்டிகளில் லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரி வளர வாய்ப்புண்டு. அது குளிர்பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது. தாய்க்கு லேசான காய்ச்சலாகத் தோன்றி, கருவுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். லேசாகச் சூடேறிய பிரீ பாதுகாப்பானதன்று. நடுப்பகுதி உட்பட ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாகியிருக்க வேண்டும். அன்று காய்ச்சிய பாலில் செய்து நன்கு சுட்ட இரண்டாம் வகைக் கட்டியே அவர்களுக்கு ஏற்றது. முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

குழந்தைகள்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக்கூடாது. சிறு பிள்ளைகளுக்கு முழுத் திராட்சையும் முழு முந்திரியும் தொண்டையில் அடைக்கலாம்.

உப்பும் சர்க்கரையும்: பதப்படுத்திய சீஸில் சோடியம் மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளோர் அளவாக உண்ண வேண்டும். கருப்பட்டியும் தேனும் வெள்ளைச் சர்க்கரை அல்ல என்றாலும் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தக்கூடியவையே. நீரிழிவு உடையவர்க்குக் கூட்டைத் தவிர்த்து, சில கொய்யாத் துண்டுகளை வைக்கலாம்.

பால் ஒவ்வாதவர்: நன்கு முதிர்ந்த கட்டிகளில் பால்சர்க்கரை மிகக் குறைவு. பாலருந்தினால் வயிறு உப்புசம் காணும் சிலர் இவற்றைச் சிறிதளவு உண்ண முடியும். பால் புரதமே ஒவ்வாதவர் எந்தக் கட்டியையும் உண்ணக்கூடாது.

பரிமாறலும் சேமிப்பும்

விருந்தினர் வந்து அமர்ந்தபின் கட்டியை அடுப்பில் வைப்பதே சரி. முன்னரே சுட்டு வைத்தால் ஆறி இறுகிவிடும். பழக்கூட்டை முதல்நாளே செய்து குளிர்பெட்டியில் வைக்கலாம். இரண்டாம் முறைக் கலவையையும் காலையில் கிண்ணத்தில் நிரப்பி மூடி, குளிர்பெட்டியில் வைத்து மாலையில் சுடலாம். அப்போது 5 நிமிடம் கூடுதலாகத் தேவைப்படும். வாட்டிய ரொட்டித் துண்டு, உப்பு பிஸ்கட், ரஸ்க், மொறுமொறுப்பாகச் சுட்ட சப்பாத்தித் துண்டு ஆகியன துணையாகும். ஒவ்வொருவரும் கடித்த துண்டை மீண்டும் தோய்க்காதபடி தனிக் கரண்டி வைக்க வேண்டும்.

சுட்ட கட்டி 2 மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்கக்கூடாது. எஞ்சியதை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் பயன்படுத்த வேண்டும். ஒருமுறைக்கு மேல் சூடாக்கக்கூடாது. மின்தடை நீண்டு குளிர்பெட்டி சூடேறியிருந்தால், மணம் மாறாவிட்டாலும் அதை உண்ணாமல் விடுவதே பாதுகாப்பு.

பிழைகளும் காரணங்களும்

கட்டி நடுவில் இளகவில்லை எனில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே சுட்டிருக்கலாம் அல்லது கட்டி முதிராமல் இருந்திருக்கலாம். நெய் பிரிந்து மிதந்தால் சூடோ நேரமோ கூடிவிட்டது. கட்டி வெடித்துக் கிண்ணத்தில் பரவினால் பக்கத் தோல் கிழிந்திருக்கிறது. வீட்டுக் கட்டி மணல்போல் இருந்தால் பிசைந்தது போதவில்லை. ரப்பர்போல் இருந்தால் புளிப்பு மிகுந்தது அல்லது அதிக நேரம் தொங்கவிடப்பட்டது. ஓரத்தில் நீர் தேங்கினால் தயிர் நன்கு வடியவில்லை. கூட்டு கசந்தால் கருப்பட்டிப் பாகு அடிப்பிடித்திருக்கிறது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே நல்லது. ஏனெனில் பழம் சேர்த்தாலும் எலுமிச்சை சேர்த்தாலும் அந்தக் கசப்பு நீங்காது.